சுபவாகனாவில் மாதக் கடைசி

ஆபிரகாம் கார் வாங்கப் போகிறார் என்ற சேதி, ஆபிரகாமுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே எங்கள் ஊர் பூஞ்சேரிக்குத் தெரிந்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் மனைவி ரெஜினா ஒரு முடிவுக்கு வந்தால் முதலில் பக்கத்து வீட்டு சம்பூர்ணத்திடம்தான் சொல்வாள். சம்பூர்ணத்திடம் சொன்னால் தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்திருக்கும் குடங்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் முறை கடைசியில்தான் வரும்.

ஆபிரகாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் இருபது வருடமாக டிரைவர். ஓட்டல் வண்டி, ஓட்டல் சட்டை, ஓட்டல் தொப்பி. மீனம்பாக்கத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார், வெள்ளைக்காரர்களை ஏற்றி வருவார், மாமல்லபுரத்தில் அவர்கள் கல்லைப் பார்க்கும்போது இவர் அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொள்வார். போன மாதம் ஓட்டலுக்குப் புது நிர்வாகம் வந்தது. வந்த வேகத்தில் வண்டிகளையெல்லாம் விற்றது. டிரைவர்களை ஏசி ஹாலில் உட்கார வைத்து, "உங்களை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை, இன்று முதல் நீங்கள் எங்கள் தொழில் கூட்டாளிகள்" என்று அறிவித்து ஆளுக்கொரு பூங்கொத்து கொடுத்தது. கைதட்டி முடித்த பிறகுதான் கூட்டாளி என்றால் என்னவென்று புரிந்தது. சொந்தமாக ஏழு சீட் வண்டி வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, ஓட்டலோடு சேர்க்க வேண்டும். இடம் நான்குதான். மூன்று போய்விட்டது. முப்பத்தொன்றாம் தேதி இரவு எட்டு மணிக்குள் புக்கிங் ரசீதை வாட்ஸாப்பில் அனுப்பினால் நான்காவது இடம் ஆபிரகாமுக்கு. இல்லாவிட்டால் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு ஆள் சாவியைச் சுற்றிக்கொண்டு தயாராக நிற்கிறான்.

பேங்கில் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ரெஜினாவின் காதும் கையும் காலியாகி முன்பணமும் தேறிவிட்டது. அப்படியும் ஷோரூம் சொல்லும் விலைக்கும் இவர்களிடம் இருப்பதற்கும் நடுவே அறுபதாயிரம் ரூபாய்ப் பள்ளம். அதைப் பேசியே தூர்த்துவிடலாம் என்று ரெஜினா சொன்னாள்.

சொல்லக்கூடியவள்தான். பேரம் என்றால் எங்கள் பக்கத்தில் ரெஜினா. கல்யாண மண்டபமோ கட்டில் பீரோவோ, தெருவில் யார் எது வாங்கப் போனாலும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவளிடம் இருப்பது ஒரே வித்தை. பாதி விலை கேட்பாள், மூஞ்சியைச் சுளிப்பாள், திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். அந்த முதுகைப் பார்த்தே சதுரங்கப்பட்டினம் மீன்காரம்மாக்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யக்கா, வாக்கா, நீ சொன்னதையே குட்த்துட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். ஆபிரகாமோ நேர்மாறு. எவர் எதைக் கேட்டாலும் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு அப்புறம் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பவர். பேரம் நடக்கும் இடங்களில் அவரை நான்கு கடை தள்ளி நிற்க வைப்பதுதான் வழக்கம். கார் அவர் பேரில் என்பதால் இந்தத் தடவை உள்ளே விட வேண்டியதாயிற்று.

செங்கல்பட்டில் ஜிஎஸ்டி சாலை ஓரமாக சுபவாகனா மோட்டார்ஸ் கண்ணாடி மாளிகையாக நின்றது. வாசலில் செக்யூரிட்டி விறைப்பாக சல்யூட் வைத்தார். ஆபிரகாம் பதிலுக்கு வைத்தார். தன் சல்யூட்டுக்குப் பதில் வந்து பழக்கமில்லாத செக்யூரிட்டி பதறிப்போய் மறுபடி வைத்தார். ஆபிரகாமும் வைத்தார். ரெஜினா சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் இரண்டு பேரும் இன்னும் அங்கேயே இருந்திருப்பார்கள்.

வரவேற்பில் ஜெனிட்டா என்ற பெண் இருவர் நெஞ்சிலும் 'குடும்ப உறுப்பினர்' என்று எழுதிய அட்டையைக் குத்தினாள்.

"எங்களுக்குக் கஸ்டமரே கிடையாது அங்கிள். வர்றவங்க எல்லாரும் சுபவாகனா குடும்பம். ஜூஸ் எடுத்துக்கோங்க. வண்டி எப்போ வேணும் அங்கிள்?"

ஓட்டலில் விருந்தாளி ஒரு கேள்வி கேட்டால் முழுசாக, சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பது ஆபிரகாமுக்கு அளித்த பயிற்சி.

"இன்னிக்கி ராத்திரி எட்டு மணிக்குள்ள புக்கிங் ரசீது கைக்கு வரணும்மா. வரலேன்னா என் பொழப்பே போச்சு."

ரெஜினாவின் கிள்ளு இடுப்பில் விழுவதற்குள் ஜெனிட்டா அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'அவசரக்காரர்' என்று ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அடுத்த நொடி அந்தக் கட்டடத்தில் எத்தனை திரை உண்டோ அத்தனையிலும் அந்தப் புள்ளி மின்னியது. அதற்குப் பிறகு அவர்களிடம் வந்தவர்கள் எல்லாரும் ரொம்ப நிதானமாகப் பேசினார்கள்.

"வாய கொஞ்சம் வூட்டுலயே வெச்சிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் ரெஜினா.

"அந்தப் பொண்ணு மரியாதையா கேட்டுச்சே ரெஜி."

அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட விற்பனைக்காரன் பெயர் ஜெகதீசன். சட்டையில் 'உறவு மேலாளர்' என்று இருந்தது. ஏழு சீட் வண்டியின் படத்தை விரித்தான்.

"வெலை இன்னாப்பா?"

"மேடம், அந்த வார்த்தை இங்க யூஸ் பண்றதில்ல. மதிப்புன்னு சொல்லுங்க."

"சரி. மதிப்பு இன்னா வெலை?"

ஜெகதீசன் ஒரு தாளை நீட்டினான். வண்டி, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் வரைக்கும் புரிந்தது. அதற்குக் கீழே ஹேண்ட்லிங் என்று ஒரு தொகை.

"இது இன்னாது?"

"யார்டுலேருந்து வண்டிய ஷோரூமுக்குக் கொண்டுவர்ற செலவு மேடம்."

"யார்டு எங்க கீது? ஒரகடமா?"

"இந்தச் செவத்துக்குப் பின்னாடி மேடம்."

"அந்தச் செவத்துல ஒரு ஓட்டையப் போட்டுக் குடு. இவரே ஓட்டிகினு வந்துடுவாரு."

"ஓட்டை போட தனி சார்ஜ் ஆகும் மேடம்" என்றான் ஜெகதீசன். சிரிக்கவில்லை. தொகையைத் தேடித் தாளைப் புரட்டினான்.

அடுத்தது அத்தியாவசியப் பொருட்கள். கால் மிதி, வாசனை பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார்.

"நாங்க வேதக்காரங்கப்பா" என்றார் ஆபிரகாம் தயக்கமாக.

"மாதா இருக்காங்க சார். சிலுவை இருக்கு. மதிப்பு ஒண்ணுதான்."

"எதுவுமே வோணாம்னா?" என்றாள் ரெஜினா.

"அதுக்கும் மதிப்பு ஒண்ணுதான் மேடம். நாங்க பாகுபாடு பாக்கறதில்ல."

கடைசி வரி மகிழ்ச்சிக் கட்டணம். புக்கிங் ஆனதும் ஒரு பெரிய மணியை அடிப்பார்கள், கேக் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அதற்கு. "மகிழ்ச்சி வேணாம்னு எழுதிக் குடுக்கலாமா தம்பி?" என்று ஆபிரகாம் கேட்டார். மகிழ்ச்சியைக் கழற்றினால் வண்டியின் வாரன்டி போய்விடும் என்று ஜெகதீசன் வருத்தத்தோடு சொன்னான்.

பேச்சு சூடாகும் முன்பு ஓட்டிப் பாருங்கள் என்று வெள்ளோட்டத்துக்கு அழைத்தான். இங்கேதான் ஆபிரகாம் இரண்டாவது தப்பைச் செய்தார். ஜெகதீசன் முன்னால் ஏற வந்தான். ஆபிரகாமின் கை தானாகப் போய்ப் பின்கதவைத் திறந்து, உடம்பு தானாகக் கொஞ்சம் குனிந்தது. ஜெகதீசனுக்கு அதுவரை யாரும் கார்க்கதவு திறந்துவிட்டதில்லை. ஒரு நொடி நின்றான். பிறகு ஏறிக் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான். சாய்ந்ததும் ஆள் மாறிவிட்டான்.

"புது பஸ் ஸ்டாண்ட் வழியா போங்க" என்றான். ஆபிரகாம் போனார். இஸ்திரிக் கடையில் சட்டை வாங்கிக்கொண்டான். "ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக் கடைக்குள் போய் அரை மணி கழித்துக் கை துடைத்துக்கொண்டு வந்தான். ரயிலடியில் அவன் மச்சினிச்சி பெட்டியோடு நின்றாள். அவளை செங்கல்பட்டு அண்ணா நகரில் இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் அவன் போனில் எவனிடமோ கடன் கதை பேசினான். ஆபிரகாம் கண்ணாடிக்கு முன்னால் இருந்த ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. ஷோரூம் வாசலில் இறங்கும்போது ஜெகதீசன் தோளில் தட்டி, "நல்லா ஓட்டறீங்க" என்று இருபது ரூபாய் கொடுத்தான். ஆபிரகாம் சல்யூட் வைத்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளோட்டத்துக்கு வராமல் உள்ளேயே காத்திருந்த ரெஜினா கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

"யோவ், வண்டி வாங்க வந்தவன் நீயா அவனா? டிப்ஸு வாங்கினு வந்து நிக்கற! இன்னா மேரி ஆளுய்யா நீ!"

"கைய நீட்டிட்டாம்மா. எப்டி வோணாம்னு சொல்றது."

ரெஜினா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று மணி. ஜெகதீசனை நேராகப் பார்த்து, அவன் சொன்ன மதிப்பில் சரிபாதியைக் கேட்டாள். சதுரங்கப்பட்டினமாக இருந்தால் இந்நேரம் கூச்சல் கிளம்பியிருக்கும். ஜெகதீசன் அதை அழகாக எழுதிக்கொண்டு கறுப்புக் கண்ணாடி கேபினுக்குள் போனான். திரும்பி வந்தபோது மூஞ்சி தொங்கியிருந்தது. மேசையில் தயாராக இருந்த டிஷ்யூவை எடுத்துக் கண்ணைத் துடைத்தான்.

"மேனேஜர் ரொம்பத் திட்டிட்டாரு மேடம். என் சம்பளத்துலேருந்து அஞ்சாயிரம் பிடிச்சிக்கறேன்னுட்டாரு. உங்களுக்காக சரின்னுட்டேன்."

ஆபிரகாம் ரெஜினா பக்கம் குனிந்தார். "பாவம் ரெஜி, அந்தப் புள்ள…"

ரெஜினா மூஞ்சியைச் சுளித்தாள். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். திரும்பினாள். எங்கள் தெருவே கைதட்டிப் பார்த்த அந்த நடையை நடந்தாள். ஆபிரகாம் பின்னால் போனார். யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு மட்டும் தானாகத் திறந்தது. அதற்குப் பக்கத்தில் ஜெனிட்டா ஒரு சின்ன மெஷினோடு நின்றாள்.

"வாக்-அவுட்டா ஆன்ட்டி? ஃபர்ஸ்டா, செகண்டா?"

"இன்னாது?"

"கோவிச்சிக்கினு போறீங்கல்ல, அது முதல் தடவைதானே?" என்று கேட்டு ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். "ரைட்ல ஷெட் இருக்கு ஆன்ட்டி. வெயில்ல நிக்காதீங்க. மோர் தருவாங்க. உங்க டர்ன் வந்ததும் திரும்பக் கூப்பிடுவாங்க."

ஷெட்டில் மின்விசிறி சுற்றியது. ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கல்பாக்கத்தில் ரிட்டயர் ஆன உலகநாதன் என்பவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"புதுசாம்மா? எனக்கு இது மூணாவது வாக்-அவுட். முதல் தடவைக்கு அஞ்சாயிரம், ரெண்டாவதுக்குப் பதினஞ்சாயிரம். மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாதாம்."

"அப்பறம் ஏன் சார் வந்து உக்காந்துகினு கீறீங்க?"

"மோர் நல்லா இருக்கு."

ஆபிரகாம் வாழ்க்கையில் முதல் தடவையாக ரெஜினாவின் முகம் சிறுத்ததைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக மீன்காரம்மாக்களையும் பந்தல்காரர்களையும் நடுங்க வைத்த முதுகு, டோக்கன் பிடித்து இஞ்சி போட்ட மோர் குடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி தேன் குரலில் கூப்பிட்டது. "டோக்கன் பதினாலு, உங்களை இழக்க எங்களுக்கு மனசில்லை. உள்ளே வாருங்கள்."

இரண்டாவது கோபமும் முடிந்தபோது மணி ஐந்தரை. ஆக மொத்தம் இருபத்தைந்தாயிரம் இறங்கியிருந்தது. இன்னும் முப்பத்தைந்து இறங்க வேண்டும். ஜெகதீசன் கணினியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சிவப்புப் புள்ளி விழுந்தவர்களுக்கு இதற்கு மேல் கிடையாது. மேனேஜரைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம்.

மேனேஜர் பார்த்தசாரதி கேபினுக்குள் எழுந்து நின்று வரவேற்றார். "உக்காருங்க சார், இது உங்க வீடு." மேனேஜ்மென்ட் ஆட்கள் முன்னால் ஆபிரகாமின் முழங்கால் மடங்காது. ரெஜினா உட்கார்ந்தாள், அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒளிவுமறைவில்லாம பேசறவன்" என்று பார்த்தசாரதி ஆரம்பித்தார். "கேபினைப் பாருங்க, முழுக்கக் கண்ணாடி. வெளியிலேருந்து உள்ள தெரியாது, அவ்வளவுதான். மத்த ஷோரூம்ல தள்ளுபடின்னு சொல்லி ஏமாத்துவாங்க. நாங்க அப்படி இல்ல. முதல்ல ஏத்தறோம், அப்புறம் இறக்கறோம். ஏத்தாம இறக்கினா எங்களுக்கு நஷ்டம். இறக்காம வித்தா உங்களுக்கு வருத்தம். குடும்பத்துல ஒருத்தர் வருத்தப்படறத என்னால பாக்க முடியாது. கார் தயாரிக்கறது கம்பெனி சார். நாங்க இங்க என்ன தயாரிக்கறோம்? 'நாமதான் ஜெயிச்சோம்'னு ஒரு நினைப்போட நீங்க வீட்டுக்குப் போறீங்க பாருங்க, அது எங்க தயாரிப்பு. அதுக்குத்தான் இவ்வளவு ஏசி, இவ்வளவு மோர்."

"எங்களுக்கு அந்த நெனப்பு வோணாங்க. அறுவதாயிரம் கொறச்சா போதும்" என்றாள் ரெஜினா.

"இருபத்தஞ்சுக்கு மேல ஒரு ரூபா இறங்கினா நான் பட்டினி மேடம். என் பசங்க மேல சத்தியம்." சொல்லிக்கொண்டே அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆபிரகாமைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "உங்களுக்கு எட்டு மணிக்குத்தானே ரசீது வேணும்? யோசிங்க. இன்னும் நேரம் இருக்கு."

வெளியே வந்தார்கள். ஆறரை. ரெஜினா சம்பூர்ணத்துக்குப் போன் போட்டு முப்பத்தைந்தாயிரம் புரளுமா என்று கேட்டாள். பேரத்துக்குப் போன ரெஜினா பணம் கேட்டுப் போன் செய்தாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பூர்ணம் ஐயோ பாவம் என்றாள், தெரு முழுக்கச் சொன்னாள், பணம் புரளவில்லை.

ஆபிரகாம் உட்கார இடம் தேடினார். அங்கே நிறைய சோபாக்கள் இருந்தன. யாராவது உட்காரச் சொன்னால்தானே உட்காரலாம். நடுக் கூடத்தில் அதே ஏழு சீட் வண்டி காட்சிக்கு நின்றது. உலகத்தில் யாரும் சொல்லாமல் அவர் உட்காரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உடனே மூச்சு சீரானது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஊரப்பாக்கத்துக்காரன் நாளைக்குக் காலையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் நிற்பான். இந்த வயதில் இவர் எங்கே போய் எந்த வண்டி ஓட்டுவது?

"கடைசி சீட்டுல வெள்ளக்காரன் முட்டி இடிக்குமான்னு பாக்கறேன்" என்று ரெஜினா பின்னால் ஏறிப்போனாள். முட்டி இடித்ததா என்று தெரியவில்லை. காலையிலிருந்து நடந்த நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்துவிட்டாள்.

ஏழரை ஆகவில்லை, பார்த்தசாரதியின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கேபினில் பேசினால் பதிவாகும். அது அவரே ஊழியர்களுக்காகப் போட்ட ஏற்பாடு. கூடத்தில் பேசினால் ஜெகதீசன்களின் காது. போனைப் பொத்திக்கொண்டு இங்குமங்கும் பார்த்தவர், காட்சி வண்டியின் நடுக்கதவைத் திறந்து உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டார்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஆபிரகாமின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்குப் போயின. பார்வை முன் கண்ணாடியில் நின்றது. பார்த்தசாரதி முன்னால் பார்த்தார். ஒரு டிரைவரின் பிடரி தெரிந்தது. டிரைவரின் பிடரியைப் பார்த்து யாராவது பேச்சை நிறுத்தியதுண்டா?

"சொல்லுங்க சார்… ஆமா சார், ஒண்ணே ஒண்ணுதான் குறையுது சார். எட்டு மணிக்குள்ள ஒரு புக்கிங் ஏறிட்டா மாச டார்கெட் முடிஞ்சது… ஏறலைன்னா என்ன ஆகும்னு தெரியும் சார். திண்டிவனம் டிரான்ஸ்ஃபர் மட்டும் வேணாம் சார், பசங்க இங்க படிக்கறாங்க… பார்ட்டி இருக்கு சார். ஒரு டிரைவர். எட்டு மணிக்குள்ள ரசீது இல்லைன்னா அவனுக்குப் பொழப்பு போயிடும், தானா வந்து விழுவான்… எண்பத்தஞ்சு வரைக்கும் இறங்கலாமா? எதுக்கு சார் அவ்வளவு? இருபத்தஞ்சுலயே நிக்க வெச்சிருக்கேன்… ஹலோ? சார், அழாதீங்க சார். உங்களுக்கும் மேலேருந்து அழுத்தமா? நான் இருக்கேன்ல சார், அழாதீங்க."

ஆபிரகாம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். எண்பத்தைந்து. திரும்பி அந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் இருபது வருடத்தில் பின்சீட்டில் கேட்ட எதையும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. எத்தனை விவாகரத்து, எத்தனை வேலைநீக்கம், ஒரு தடவை ஓட்டலே கைமாறப்போகிறது என்ற சேதிகூட அவர் பிடரியைத் தாண்டித்தான் போனது. அன்றைக்கே தெருவில் சொல்லியிருந்தால் வேறு வேலையாவது தேடியிருக்கலாம் என்று ரெஜினா இன்னும் குத்திக்காட்டுகிறாள். நாக்கை மேல் அண்ணத்திலிருந்து பிரித்துப் பார்த்தார். வரவில்லை. டேஷ்போர்டில் ஏழு முப்பத்தைந்து.

உதவிக்குக் கடவுளைப் பார்ப்பதுபோல உள் கண்ணாடியைப் பார்த்தார். நடு சீட்டுக்குப் பின்னாலிருந்து, தூக்கம் கலைந்த இரண்டு கண்கள் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தன. ரெஜினா யாரிடமும் டிரைவராக இருந்ததில்லை.

"எம்பத்தஞ்சு" என்றது பார்த்தசாரதியின் காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சார்?" என்றார் பார்த்தசாரதி போனில்.

"அங்க இல்லப்பா. இங்க."

பார்த்தசாரதி திரும்பினார். போன் மடியில் விழுந்தது.

"மேடம்… நீங்க எப்போலேருந்து…"

"திண்டிவனம் வோணாம்னியே, அப்பவே முழிச்சிட்டேன். புள்ளைங்க எந்த ஸ்கூலு?"

"இது பிரைவேட் கான்வர்சேஷன் மேடம்!"

"நானும் அதுக்குத்தான் உள்ளயே உக்காந்து பேசறேன். கீழ எறங்கி நின்னு பேசட்டா? அந்த ஷெட்டு வரைக்கும் கேக்கும் என் தொண்டை."

பார்த்தசாரதி முன்னால் குனிந்து பல்லைக் கடித்தார். "ஏம்ப்பா டிரைவர், ஆள் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சார் போன்ல இருந்தீங்க. நடுவுல பேசக் கூடாது சார்" என்றார் ஆபிரகாம் ரோட்டைப் பார்த்தபடி. ரோடு இருக்கவேண்டிய இடத்தில் ஜெகதீசன் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"அம்பதுன்னு முடிச்சிக்கலாம் மேடம்."

"எனக்கொண்ணும் அவசரமில்ல. எட்டு மணிக்கி அவருக்குப் பொழப்பு போவுது, உனுக்கு திண்டிவனம். ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஏறுங்க."

பார்த்தசாரதி எண்பத்தைந்துக்குத் தலையாட்டினார். ஆட்டிய தலையை அப்படியே கைக்குள் புதைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுபவாகனாவில் ரசீது சும்மா அச்சாகாது. மணி அடிக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், போட்டோ கம்ப்யூட்டரில் ஏறினால்தான் புக்கிங் எண் வரும். ஆபிரகாமின் கையைப் பிடித்து மணிக்கயிற்றை இழுத்தார்கள். ஊழியர்கள் எல்லாரும் "வெல்கம் டு த ஃபேமிலி" என்று கத்தினார்கள். ஏழு நாற்பத்தெட்டு. ஜெகதீசன் படத்தை ஏற்றினான். திரை சிவப்பானது. 'உறுப்பினர் முகத்தில் புன்னகை இல்லை. மீண்டும் முயலவும்.'

"சிரிங்க சார்!"

ஆபிரகாம் முயன்றார். உதடு அசையவில்லை. அவருக்கு அளித்த பயிற்சியில் விருந்தாளி முதலில் சிரித்தால்தான் டிரைவர் சிரிக்கலாம், முந்திக்கொண்டு சிரிப்பது அதிகப்பிரசங்கித்தனம். இருபது வருடத்தில் அது தசையில் ஏறிவிட்டது. மறுபடி படம், மறுபடி சிவப்பு.

"யோவ், சிரிய்யா! எட்டு ஆவப் போவுது!" ரெஜினா அவர் கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். அதைக் கம்ப்யூட்டர் 'வலி' என்று பதிவு செய்தது.

"தானா வராதும்மா… எதிர்ல யாராச்சும் மொதல்ல சிரிக்கணும்" என்றார் ஆபிரகாம். குரல் உடைந்தது. "பெரியவங்க யாராச்சும்."

எல்லாரும் பார்த்தசாரதியைப் பார்த்தார்கள். அவர் எண்பத்தைந்தாயிரத்தைப் பறிகொடுத்துவிட்டு ஒரு தூணில் சாய்ந்திருந்தார். நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து ஆபிரகாமுக்கு எதிரே நிறுத்தினார்கள். ஏழு ஐம்பத்து நான்கு. பார்த்தசாரதி திண்டிவனத்தை நினைத்தார். பிள்ளைகளை நினைத்தார். மேல் உதட்டைத் தூக்கினார். கீழ் உதடு நடுங்கியது. கண்ணில் நீர் முட்ட, பல் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஒரு சிரிப்பு மாதிரி ஒன்று அவர் முகத்தில் நின்றது.

பதிலுக்கு ஆபிரகாமின் முகம் மலர்ந்தது. நட்சத்திர ஓட்டல் சிரிப்பு. நாலு கண்டத்து ஆட்கள் பார்த்து மயங்கிய சிரிப்பு. பச்சை விளக்கு எரிந்தது. அச்சு இயந்திரம் கடகடத்தது.

ரசீதைப் படமெடுத்து அனுப்பியபோது எட்டாக ஒரு நிமிடம் இருந்தது. ஆபிரகாம் போனைப் பார்த்தபடி நின்றார். ரெஜினா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெனிட்டா கேக்கோடு வந்து அப்படியே நின்றாள். பார்த்தசாரதி ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது அவருக்கே தெரியாது.

போன் அதிர்ந்தது. ஆபிரகாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ரசீது கிடைத்தது. நான்காவது இடம் உங்களுக்கே. வாழ்த்துகள், கூட்டாளி." கடவுளே என்று பக்கத்துச் சோபாவில் பொத்தென்று விழுந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு வரி கீது பாரு" என்றாள் ரெஜினா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கூட்டாளிகள் சீருடைக் கட்டணம் தனி. நாளை வரும்போது கொண்டு வரவும்."

"எவ்ளோன்னு போட்டுகீறானா?"

"இல்லியே."

ரெஜினா கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"வெலை போடலியா? அப்ப பேசலாம். காலைல நானும் வரேன், கெளம்பு."